டூன் இரண்டாம் பாகம்: இவ்வளவு பிடித்தும் மனம் ஏன் முழுதாக ஒப்பவில்லை?

கடைசி வரிசை கேட்கிறார்:

முடிவு வரை கதையைப் பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். இதன் கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்ப்பது பெரிய இழப்பு.

டெனி வில்னெவ் இயக்கிய ‘டூன்’ முதல் பாகம் 2021-இல் வந்தது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிட்டு, பால் அட்ரெய்டீஸும் அவன் தாய் ஜெஸிகாவும் அங்கே வாழும் ஃப்ரெமென் என்ற மக்களோடு பாலைவனத்துக்குள் நடக்கத் தொடங்கும் இடத்தில், கதையின் நடுவிலேயே நின்றுவிட்டது. பலருக்கு அது எரிச்சல், எனக்கு ஏக்கம். 2023 நவம்பரில் வர வேண்டிய இரண்டாம் பாகம் ஹாலிவுட் நடிகர்களின் வேலைநிறுத்தத்தால் 2024 மார்ச்சுக்குத் தள்ளிப்போனபோது அந்த ஏக்கம் இன்னும் முற்றியது. படம் வந்தது, பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பிரமிப்பும் மனத்தாங்கலும் சேர்ந்தே வருகின்றன. எது எதனால் என்று உங்களோடு சேர்ந்து பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பிரமிப்பு. தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கிரகணத்தின் செம்மஞ்சள் வெளிச்சம். கனத்த கவசம் அணிந்த, பாலின் குலத்துக்கு எதிரிகளான ஹார்கொன்னன் வீரர்கள் ஒரு செங்குத்தான பாறையின் அடியில் மாட்டிக்கொள்கிறார்கள். எப்படி ஏறப்போகிறார்கள் என்று நாம் யோசிப்பதற்குள், ஒருவர் பின் ஒருவராகச் சத்தமே இல்லாமல் மேலே மிதந்து போகிறார்கள். யாரும் விளக்கம் சொல்வதில்லை. சண்டை முடிந்ததும் ஃப்ரெமென்கள் விழுந்து கிடப்பவர்களின் உடலில் குழாயைச் செருகி நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஹார்கொன்னன் உடம்பின் நீரில் ரசாயனம் கலந்திருக்கிறது, குடிக்க உதவாது, எந்திரங்களைக் குளிர்விக்கத்தான் ஆகும் என்று போகிற போக்கில் ஒரு பேச்சு வருகிறது. அராக்கிஸ் என்ற கோளில் ஒரு சொட்டு நீருக்கு என்ன மதிப்பு, அங்கே எதிரி என்றால் என்ன, பிணம் என்றால் என்ன என்பதெல்லாம் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது.

பிறகு, பால் முதல்முறையாக மணற்புழுவின் மேல் ஏறும் காட்சி. ஃப்ரெமென் தலைவர் ஸ்டில்கர் தன் கொக்கிகளையே கொடுத்து, வீரம் காட்டாதே, எளிமையாகச் செய் என்று சொல்லி அனுப்புகிறார். புழுவை அழைக்க மணலில் ஊன்றிய தட்டுக்கருவி தட்டிக்கொண்டே இருக்கிறது. வருவது யாரும் எதிர்பார்க்காத அளவுக்குப் பெரிய புழு. பால் மணல்மேட்டின் விளிம்பில் ஓடுகிறான். அந்த மேடே அவன் காலடியில் சரிகிறது. அவனும் மணலோடு சேர்ந்து புழுவின் முதுகில் விழுகிறான். அதற்குப் பின் நமக்கு எதுவும் சரியாகத் தெரிவதில்லை. புழுதி, இரைச்சல், கொக்கி பிடிமானம் தேடித் தவிக்கும் கை. அவன் எழுந்து நிற்கும்போது திரையரங்கமே எழுந்து நின்றதுபோல் இருந்தது. நானும் கூவினேன். இன்றைக்கும் அந்தக் காட்சியை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

என் மனத்தாங்கலும் அங்கேதான் பிறக்கிறது. இந்தப் படம் நம்மை எச்சரிக்க வருகிறது. மீட்பன் வருவான் என்ற நம்பிக்கையைப் பெனெ ஜெஸரிட் என்ற பெண்கள் சபை பல தலைமுறைகளுக்கு முன்பே இந்த மக்களிடம் திட்டமிட்டு விதைத்துவிட்டது. பால் அந்த விதையின் அறுவடையைத் தனக்காக எடுத்துக்கொள்கிறான். முடிவில் கோடிக்கணக்கானவர்களைக் கொல்லப்போகும் போரைத் தொடங்கி வைக்கிறான். இதை நமக்குச் சொல்லும் பொறுப்பு, பால் காதலிக்கும் ஃப்ரெமென் பெண் சானியிடம் இருக்கிறது. அவள் நம்பாதவள். இந்தத் தீர்க்கதரிசனமே நம்மை அடிமைப்படுத்தும் வழி என்று வாய்விட்டுச் சொல்பவள். கடைசிச் சட்டகத்தில் நிற்பதும் அவள் முகம்தான்.

ஆனால் அந்த முகத்துக்குப் படம் எவ்வளவு இடம் கொடுத்தது? ஹான்ஸ் ஸிம்மரின் இசை, ஆயிரக்கணக்கானோரின் முழக்கம், வானத்தை மறைக்கும் புழுதி எல்லாமே பாலின் பக்கம் நிற்கின்றன. தெற்கில் கூடிய பெருஞ்சபைக்குள் அவன் நுழைந்து, ஒருவருடைய மனத்துக்குள் இருப்பதையெல்லாம் எடுத்துச் சொல்லி அதிரவைக்கும் காட்சியில், எனக்குள் இருந்த எச்சரிக்கை மணி அடங்கிப்போய்விட்டது. நானும் அந்தச் சபையில் ஒருவராகிவிட்டேன். அவ்வளவு பேரின் ஆரவாரத்துக்கு எதிரே சானிக்குக் கிடைப்பது சில பார்வைகளும் சில சொற்களும்தான். படம் கண்களைச் சானியிடம் கொடுத்துவிட்டு, காதுகளைப் பாலிடம் கொடுத்துவிட்டது என்பது என் எண்ணம்.

என்னை இன்னும் உறுத்துவது உயிர்நீர்க் காட்சி. அந்த நஞ்சைக் குடித்துப் பிணம்போல் கிடக்கும் பாலை எழுப்பச் சானியின் கண்ணீர் வேண்டும் என்று தீர்க்கதரிசனம் சொல்கிறது. அவள் மறுக்கிறாள். ஜெஸிகா தன் குரலின் ஆற்றலால் அவளைக் கட்டாயப்படுத்துகிறாள். நம்பாத பெண்ணின் கண்ணீரைக்கொண்டே அந்த நம்பிக்கை மெய்யாக்கப்படுகிறது. இதைவிடக் கொடிய ஒரு தருணம் இந்தக் கதையில் வேறு இல்லை. எழுந்தவனை அவள் ஓங்கி அறைகிறாள். அப்புறம்? படம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. அந்த அவமானத்தோடு அவள் தனியாக உட்கார்ந்திருக்க ஒரு நிமிடம் கிடைத்திருந்தால், முடிவில் அவள் விலகிப் போவது என் நெஞ்சை அறுத்திருக்கும். இப்போது அது சரியான முடிவாகப் படுகிறது, அவ்வளவுதான்.

காலக்கணக்கும் இடிக்கிறது. ஜெஸிகாவின் வயிற்றில் இருக்கும் குழந்தை படம் முடியும்வரை பிறக்கவில்லை. அப்படியானால் எல்லாமே பத்து மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். அந்நியனாக வந்தவன் மொழி பழகி, போர் பழகி, காதலித்து, தெய்வமாகி, பேரரசரை மண்டியிட வைக்க இது போதுமா? பேரரசராக வரும் கிறிஸ்டோஃபர் வாக்கனுக்கோ செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பிரபஞ்சத்தை ஆள்பவர் என்ற அச்சம் அவரைப் பார்த்து ஒரு கணமும் எனக்கு வரவில்லை.

சொல்லுங்கள், நீங்கள் படம் முடிந்து எழுந்தபோது சானியின் கோபத்தோடு எழுந்தீர்களா, பாலின் வெற்றியோடு எழுந்தீர்களா? அந்தக் கடைசி அரைமணி நேரத்தை நம்பினீர்களா?

ஏட்டுச்சுவடி:

நல்ல கேள்வி. நாவலை மனத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குறை ஃபிராங்க் ஹெர்பெர்ட்டுக்கே நேர்ந்த குறை.

அவருடைய ‘டூன்’ நாவல் 1965-இல் புத்தகமாக வந்தது. ஒரு மக்கள்கூட்டம் தன் விதியை முழுக்க ஒரு தலைவனிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையாகத்தான் அவர் எழுதினார். வாசகர்கள் பலரும் பாலைக் கதாநாயகனாகக் கொண்டாடினார்கள். 1969-இல் ‘டூன் மெஸ்ஸையா’ வந்தது. அதில் பாலின் பெயரால் நடந்த போர்களின் பிணக்கணக்கையும், அவன் தன் புகழுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடப்பதையும் முகத்துக்கு நேரே வைத்தார். அதாவது முதல் நாவலின் எச்சரிக்கை போதிய சத்தத்தோடு ஒலிக்கவில்லை.

வில்னெவ் இந்த வரலாறு தெரிந்தவர். ஹெர்பெர்ட்டின் சொற்களைவிட ஹெர்பெர்ட்டின் நோக்கத்துக்கு உண்மையாக இருக்க விரும்புவதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் எடுத்த கருவிதான் சானி. நாவலில் சானி நம்பாதவள் இல்லை. அவள் பாலின் துணை; முடிவில் அவன் அரசியல் காரணத்துக்காகப் பேரரசரின் மகள் இளவரசி இருலானை மணக்க முடிவெடுத்த பிறகும் அவனோடேயே இருக்கிறாள். வடக்கில் இருப்பவர்கள் சந்தேகப்படுபவர்கள், தெற்கில் இருப்பவர்கள் தீவிர நம்பிக்கையாளர்கள் என்ற பிரிவும் திரைக்கதைக்காக வந்தது. நாவலில் பாலின் மனத்துக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அச்சத்தை வெளியே எடுத்து, அதற்கு ஓர் உடம்பும் குரலும் கொடுத்திருக்கிறார்கள். திரைப்படத்துக்கு இது மிகச் சரியான முடிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மனத்துக்குள் ஓடும் எண்ணங்களைப் பேசவிட்டு 1984-இல் வந்த ‘டூன்’ படம் எப்படித் தடுமாறியது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உங்கள் காலக்கணக்குக் குறையில் மட்டும் நான் முழுக்க உங்கள் பக்கம். நாவலில் நடுவே இரண்டு ஆண்டுகள் கடந்து போகின்றன. ஜெஸிகாவின் மகள் ஆலியா பிறந்து, பெரியவர்களின் அறிவோடு பேசும் சிறுமியாகிவிடுகிறாள். ஹார்கொன்னன் குலத்தலைவனான பாரனை நச்சு ஊசியால் கொல்வதே அவள்தான். பாலுக்கும் சானிக்கும் ஒரு மகன் பிறக்கிறான். பேரரசரின் சர்டௌக்கர் படை நடத்தும் தாக்குதலில் அந்தக் குழந்தை கொல்லப்படுகிறது. படத்தில் அந்தக் குழந்தையே இல்லை. ஆலியாவைக் கருவிலேயே பேசவைத்துவிட்டு, கொலையைப் பாலின் கையில் கொடுத்துவிட்டார்கள். திரையில் கொலை செய்யும் குழந்தை கேலியாகிவிடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளோடு சேர்த்து ஒரு குடும்பத்தையும் வெட்டிவிட்டார்கள். குழந்தையைப் பறிகொடுத்த தாயாகச் சானி அந்தச் சபையில் நின்றிருந்தால், நீங்கள் கேட்ட கனம் தானாக வந்திருக்கும்.

தூஃபிர் ஹவாத்தை நினைத்து எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் பாகத்தில் கண்ணை மேலே செருகிக்கொண்டு செலவுக்கணக்கை நொடியில் சொன்னாரே, அந்தப் பெரியவர். இந்தப் பாகத்துக்காக அவர் நடித்த காட்சிகள் எடுக்கப்பட்டு, படத்தொகுப்பில் நீக்கப்பட்டன. அட்ரெய்டீஸ் குலத்துக்கு வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு என்ன ஆனது என்று இந்தப் படம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

வெயில்நிழல்:

நான் நாவலுக்குள் போகவில்லை. ஆனால் ‘காதுகளைப் பாலிடம் கொடுத்துவிட்டது’ என்பதை அப்படியே விட்டுவிட மனமில்லை.

கடைசிக் கத்திச் சண்டையை இன்னொரு முறை பாருங்கள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாலும் ஹார்கொன்னன் வாரிசு ஃபெய்ட்-ராவுத்தாவும் மோதும்போது, அவ்வளவு நேரம் இடிபோல் ஒலித்த இசை விலகிக்கொள்கிறது. மூச்சு, காலடி, கத்தியோடு கத்தி உரசும் ஒலி இவைதான் மிஞ்சுகின்றன. வேறு எந்தப் பெரும்படமும் இந்த இடத்தில் நாயகனுக்காக முரசு கொட்டியிருக்கும். இங்கே அந்த ஊக்கம் மறுக்கப்படுகிறது. அவன் குத்துப்பட்டு நிற்கும்போது நமக்கு உடம்பு வலிக்கிறது, கைதட்டத் தோன்றவில்லை.

மெட்டையும் கவனியுங்கள். பாலும் சானியும் மணல்மேட்டில் உட்கார்ந்து பேசும்போது துதுக் என்ற ஆர்மேனியக் குழல்கருவியில் ஒரு மெட்டு வருகிறது. படத்தின் உயிர்நாடியே அதுதான். இறுதியில் எல்லோரும் மண்டியிடும்போது, அவள் ஒருத்தி மட்டும் மண்டியிடாமல் வெளியேறும்போது நம் காதில் எஞ்சுவது போர்முழக்கம் இல்லை. அந்தக் காதல் மெட்டுத்தான். அதைச் சானியின் பக்கம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

2025-இல் நடந்த ஆஸ்கர் விழாவில் இந்தப் படம் ஒலிக்கும் காட்சி விளைவுகளுக்கும் விருது வாங்கியது. இசையோ போட்டிக்கே தகுதி பெறவில்லை. முதல் பாகத்தின் இசையை மிகுதியாக எடுத்தாண்டதாக அகாடமி கருதியது. விதி விதிதான். ஆனால் தொடர்ச்சி உள்ள ஒரு கதையில் பழைய மெட்டு புதுப் பொருளோடு திரும்பி வருவதே கலை என்று நினைக்கிறேன்.

ஒளிப்பதிவையும் சொல்லாமல் போக முடியாது. ஹார்கொன்னன்களின் கீடி பிரைம் கோளின் மேல் கறுப்புச் சூரியன் காய்கிறது. அந்த வெயிலில் நடக்கும் காட்சிகளை க்ரெய்க் ஃப்ரேசர் அகச்சிவப்பு ஒளியில் படம்பிடித்திருக்கிறார். வழக்கமாக எடுத்துவிட்டு நிறத்தை உருவினால் இப்படி வராது. அகச்சிவப்பு ஒளி தோலுக்குள் கொஞ்சம் ஊடுருவிச் சிதறுவதால் முகத்தில் இருக்கும் மச்சமும் சுருக்கமும் மங்கி, மெழுகால் செய்த மனிதர்கள்போல் தெரிகிறார்கள். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பல துணிகள் அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும். ஆகவே கறுப்பு உடை கறுப்பாகவே வர வேண்டுமானால் துணியைத் தேர்ந்தெடுத்து, கேமரா முன் வைத்துப் பார்த்துத்தான் தைக்க முடியும். அரங்கத்துக்கு மேலே வாணவேடிக்கைகூட வண்ணம் இல்லாமல், மை தெறித்ததுபோல் வெடிக்கிறது. நிறமே இல்லாத ஊரில் வாழ்பவர்களுக்கு இரக்கம் இருக்காது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்கள். ஃபெய்ட்-ராவுத்தாவாக வரும் ஆஸ்டின் பட்லர் தன் குரலை பாரனாக வரும் ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்டின் குரலைப்போல் மாற்றிக்கொண்டதையும் கவனித்திருப்பீர்கள். அந்த வளர்ப்பு அவன் தொண்டைவரை இறங்கியிருக்கிறது.

பேரரசர் விஷயத்தில் நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சோர்ந்துபோனவராகத் தெரிவது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. விழப்போகும் அரசு அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

கேள்விக்குறி:

எனக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. காரணம் சானியும் இல்லை, இசையும் இல்லை. அரசியல் ஓட்டை.

இந்தப் பிரபஞ்சத்தில், அராக்கிஸில் மட்டும் கிடைக்கும் வாசனைப்பொருள் இல்லாமல் விண்மீன்களுக்கு இடையே பயணம் இல்லை. நாவலில் விண்கலங்களை நடத்தும் கப்பல் சங்கத்தின் மாலுமிகள் அந்தப் பொருளை உட்கொண்டு, வரப்போவதை முன்னறிந்து வழி கண்டுபிடிக்கிறார்கள். அது நின்றால் அவர்கள் குருடர்கள். அதனால்தான் அதை அழித்துவிடுவேன் என்ற பாலின் ஒரு மிரட்டலில் பேரரசே மண்டியிடுகிறது. படத்தில் அந்தச் சங்கம் எங்கே? இரண்டாம் பாகத்தில் தேடிப் பாருங்கள். இருப்பது பாலைவனம், புழு, படைகள். அணு ஆயுதத்தால் அந்தப் பொருள் விளையும் வயல்களை எரித்துவிடுவேன் என்று பால் சொல்கிறான், எல்லோரும் பதறுகிறார்கள். ஏன் பதறுகிறார்கள் என்பதை நாவல் படிக்காத பார்வையாளர் எப்படி உணர்வார்? எதற்காக இந்தச் சண்டை என்பதே மங்கலாக இருக்கும்போது, புழு எவ்வளவு பெரியதாக இருந்து என்ன?

இறுதிப் போரும் வந்த வேகத்தில் முடிந்துவிடுகிறது. மலைச்சுவர் பிளக்கிறது, புயல் வருகிறது, புழுக்கள் வருகின்றன, சர்டௌக்கர்கள் சரிகிறார்கள். முதல் பாகத்தில் மழைக்கு நடுவே சடங்கு செய்து நம்மை நடுங்கவைத்த படை அது. இங்கே எதிர்த்து நின்ற நினைவே மிஞ்சவில்லை. 166 நிமிடப் படத்தில் இதற்கு நேரம் இல்லை என்றால் நான் ஏற்க மாட்டேன்.

தும்பைப்பூ:

நான் நாவலைத் தொட்டதில்லை. முதல் பாகத்தை வீட்டில் பார்த்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போனவள். கேள்விக்குறி கேட்டதற்கு ஒரு சாட்சியாகச் சொல்கிறேன்: கப்பல் சங்கம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பதறினேன். அந்தப் பொருளை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர் கையில் எல்லாம் இருக்கிறது என்ற அளவு எனக்குப் போதுமானதாக இருந்தது.

என் மனத்தை உடைத்தவர் ஸ்டில்கர். யாரும் அவரைப் பற்றிப் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஹாவியர் பார்டெம் முதல் பாதியில் நம்மைச் சிரிக்க வைக்கிறார். நான் மீட்பன் இல்லை என்று பால் சொன்னால், பார், எவ்வளவு அடக்கம், இவனேதான் அவன் என்கிறார். எதைச் செய்தாலும் அதற்கு ஒரு பழைய வாக்கு அவரிடம் தயாராக இருக்கிறது. அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். பாலைவனத்தில் எப்படி நடப்பது, எப்படிப் பிழைப்பது என்று அன்போடு சொல்லிக்கொடுக்கும் அண்ணன்போல் இருந்தார்.

தெற்கில் அந்தச் சபையில் என்ன நடக்கிறது? தலைவனாகப் பேச வேண்டுமானால் இருக்கும் தலைவனைக் கொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஸ்டில்கர் தன் உயிரைக் கொடுக்கத் தயாராக நிற்கிறார். அவர் முகத்தில் துளிப் பயமும் இல்லை, மகிழ்ச்சி இருக்கிறது. அந்த நொடியில் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. முதல் பாதியில் வேடிக்கையாகத் தெரிந்த அதே நம்பிக்கைதான் இது. கொஞ்சமும் மாறவில்லை. கடைசியில் விண்கலங்களை நோக்கிக் கையை உயர்த்திக் கத்திக்கொண்டு ஓடுகிறாரே, அங்கே என் நண்பர் ஒருவரைப் பறிகொடுத்ததுபோல் அழுதேன்.

ஆகவே கடைசி வரிசை, பத்து மாதம் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பாலை நம்புவதற்கு ஸ்டில்கருக்குப் பத்து மாதம் வேண்டியதில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அந்த நம்பிக்கை தயாராகிவிட்டது. அவன் வந்து நின்றால் போதும். ஜெஸிகா செய்வதையும் பாருங்கள். முதலில் பலவீனமானவர்களை, பயந்தவர்களைப் பிடிக்க வேண்டும் என்று நிதானமாகத் திட்டமிடுகிறாள். ரெபெக்கா ஃபெர்குசன் முகம் முழுக்க எழுத்துகளோடு, வயிற்றில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டே நடக்கும்போது எனக்குப் பாலைவிட அவளிடம்தான் பயம் வந்தது. இவ்வளவு கட்டமைப்பு இருக்கும் இடத்தில் வேகம் எனக்கு உறுத்தவில்லை.

நான் யாருடைய உணர்வோடு எழுந்தேன் என்று கேட்டீர்கள். ஸ்டில்கருக்கான துக்கத்தோடு.

கடைசி வரிசை:

தும்பைப்பூ, ஸ்டில்கரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தச் சபைக் காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நம்மைச் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பையே பிற்பாடு தொண்டையில் அடைக்கவைக்கும் திறமை இந்தப் படத்தில் இருக்கிறது. அதே திறமை சானிக்கு ஏன் செலவிடப்படவில்லை என்று என் ஆதங்கம் இன்னும் கூடுகிறது.

வெயில்நிழல், கத்திச் சண்டையில் இசை விலகுவதைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அழகான கவனிப்பு. அந்த மெட்டையும் ஏற்கிறேன். என் வழக்கு அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பற்றியது. தெற்குக்குப் போக மறுத்துக்கொண்டிருந்தவன் போக முடிவெடுப்பதிலிருந்து சபையை வெல்வது வரை, எந்த இடத்திலும் படம் பாலைத் தள்ளி நின்று பார்க்கவில்லை. அவன் எழுப்பும் புயலுக்குள் நம்மையும் நிறுத்திவிடுகிறது. கூட்டத்தின் மயக்கத்தை நாமே உணர வேண்டும் என்பதற்காக வில்னெவ் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கலாம். அப்படியென்றால் அந்த மயக்கம் தெளியும் நேரத்தையும் நமக்குக் கொடுத்திருக்க வேண்டும். அறைந்த பிறகு சானி எங்கே போனாள், யாரிடம் பேசினாள்? அவளோடு சேர்ந்து சந்தேகப்பட்ட தோழி ஷிஷாக்லி வடக்கில் ஃபெய்ட்-ராவுத்தாவின் தீயில் எரிந்துபோனாள். அந்தச் சாவைப் பற்றிச் சானி ஒரு வார்த்தை பேசும் காட்சியாவது வேண்டாமா? ஒரே கருத்துள்ள இரண்டு பெண்களில் ஒருத்தி இறந்துவிட்டாள், மற்றவள் தனியாக நிற்கிறாள். இருந்த நாடகத்தைக் கையில் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

கேள்விக்குறி, சங்கம் இல்லாதது ஓட்டைதான். சர்டௌக்கர் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

ஏட்டுச்சுவடி, உங்களிடம் ஒரு கேள்வி. ‘டூன் மெஸ்ஸையா’வை வைத்து மூன்றாம் பாகத்தை வில்னெவ் எடுக்கிறார். அந்த நாவலில் சானி பாலோடு வாழ்பவள் என்கிறீர்கள். படத்தில் அவள் புழுவை அழைத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் போய்விட்டாள். இந்த இரண்டையும் எப்படி இணைக்க முடியும்? எனக்கு இதுதான் இப்போது பெரிய கவலை.

ஏட்டுச்சுவடி:

கவலைப்பட வேண்டிய இடம்தான். அந்த நாவலில் கதை பல ஆண்டுகள் தள்ளித் தொடங்குகிறது. பால் பேரரசன், இருலான் பெயருக்கு மனைவி, சானி அவன் துணை, அவர்களுக்குக் குழந்தை வேண்டும் என்ற ஏக்கம் கதையின் அச்சாணி. அந்த அச்சாணியைத் தூக்கி எறிந்தால் நாவலே நிற்காது. ஆகவே அவளை எப்படியோ அவன் அருகில் கொண்டுவந்தாக வேண்டும்.

அவன் கெஞ்சியதால் திரும்பி வந்தாள் என்று எழுதினால் இரண்டாம் பாகத்தின் கடைசிச் சட்டகத்தை அழித்ததாகிவிடும். நான் எழுதுவதாக இருந்தால், போருக்குப் போன ஃப்ரெமென் இளைஞர்களைத் திரும்பக் கொண்டுவருவதற்காக அவள் வருவாள். பாலுக்காக வர மாட்டாள். அவள் தன் மக்களுக்காகப் போராடியவள், அவளுக்கு அது போதுமான காரணம். அப்படி வந்து, அந்த அரண்மனையில் அவனிடம் இல்லை என்று சொல்லத் துணிந்த ஒரே ஆளாக அவள் இருந்தால், நீங்கள் இந்தப் பாகத்தில் தேடிய அந்த ஒரு நிமிடத்தை அடுத்த பாகம் முழுக்கக் கொடுக்கலாம்.